பதினேழாவது கேள்வி

டாக்டர் ஷுக்ரி நல்ல மனிதர் என்று எங்கள் குடியிருப்பில் இன்றும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். கெட்டவன் ஒருவன் வந்து இதைச் செய்துவிட்டுப் போயிருந்தால் எனக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது.

போர் முடிந்த மறு வருஷம், கரும்பு வெட்டுக் காலத்தில் அவர் கெய்ரோவிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். கூடவே இம்பாபி என்று ஒரு குமாஸ்தா, இரண்டு மரப்பெட்டி நிறைய அச்சடித்த தாள்கள். மின்நிலைய மருந்தகத்தில் நான்தான் நர்ஸ். பெயர் ஃபெப்ரோனியா. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட என் புருஷனும் இல்லாமல் போன பிறகு, எல்லோருக்கும் நான் ஹகீமாதான், வைத்தியக்காரம்மா. அவர்களுக்கு உதவி செய்யச் சொல்லித் தலைமைப் பொறியாளர் எனக்கு உத்தரவு போட்டார்.

தெற்கே பெரிய அணையிலிருந்து கெய்ரோவுக்குப் போகிற மின்கம்பி எங்கள் ஊரில்தான் ஒருமுறை தரையிறங்கி ஏறுகிறது. இறங்கும் இடத்துக்கு யார்டு என்று பெயர். இருபத்திரண்டு ஆட்களுக்கு அதில் வேலை. பக்கத்துச் சர்க்கரை ஆலையில் சக்கை எரித்த கரி பறந்து வந்து, கம்பியைத் தாங்கும் பீங்கான்களில் ஒட்டிக்கொள்ளும். விடிகாலைப் பனியில் அது நனைந்தால் பீங்கான் முழுக்கப் பொறி ஓடிச் சடசடக்கும். அதனால் சீசன் முடியும்வரை ஆட்கள் ஏறி, ஒவ்வொரு பீங்கானாகத் துணியால் துடைத்துப் பசை தடவுவார்கள். துடைக்கிற வரிசைக்கு மட்டும்தான் கரண்ட்டை நிறுத்துவார்கள். பக்கத்து வரிசை இரைந்துகொண்டே இருக்கும். கம்பிக்குக் கீழே நின்றால் கை மயிர் எழும்பும். லாரிக் கதவைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கும்.

ரஷ்யாக்காரர்கள் இருந்தவரை வாசலில் ஒரு பலகை வைத்து, யார் எத்தனை நிமிஷம் உள்ளே நின்றான் என்று சாக்கட்டியால் எழுதினார்கள். நேரம் முடிந்தால் விசில் அடித்து வெளியே வரச் சொல்வார்கள். எங்கள் ஆட்களுக்கு அது ஒரே சிரிப்பு. ரஷ்யாக்காரர்கள் போன பிறகு, அந்த நிமிஷக் கணக்கு வேண்டுமா வேண்டாமா என்று மேலிடத்துக்குச் சந்தேகம் வந்தது. மின்புலம் மனித உடம்பை என்ன செய்கிறது என்று பார்த்துச் சொல்லத்தான் டாக்டர் வந்திருந்தார். ரத்தம், நாடித்துடிப்பு, தூக்கம், தலைவலி என்று இருபது கேள்விகள். அதில் பதினேழாவது, கட்டில் விஷயம்.

அந்தக் கேள்விக்கு யார்டுத் தொழிலாளி ரஷ்வானின் உண்மையான பதில் என்ன என்று, அவனைக் கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். அவன் மனைவி வஹீபா என்னிடம் சொல்லியிருந்தாள். சர்க்கரை ஆலையில் கூலி வேலை பார்த்தபோது அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. யார்டுக்கு வந்து ஐந்து வருஷம். முதல் வருஷம் பரவாயில்லை. பிறகு தலைவலி, பிறகு கை நடுக்கம், பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பது. இது எதுவும் வெளியே தெரியாது. வெளியே தெரிந்ததெல்லாம், ஒரு பெண்ணைப் பெற்றுவிட்டு வஹீபா நின்றுவிட்டாள் என்பதுதான். ரஷ்வானின் தாய் வாய்க்காலுக்கு அக்கரையில் தன் அண்ணன் மகளைப் பார்த்து வைத்துக்கொண்டு, எப்போது எப்போது என்று மகனை அரித்துக்கொண்டிருந்தாள்.

“கட்டிட்டு வந்தா என்னை மேல் அறைக்கு ஏத்திருவாங்க, ஹகீமா,” என்றாள் வஹீபா. “நான் அங்க கோழிக்கும் புறாவுக்கும் தீனி போட்டுக்கிட்டுக் கெடக்கணும். டாக்டர் வந்து இது யார்டோட கோளாறுன்னு எழுதிட்டா போதும். என் மேல இருக்கற பழி போயிரும்.”

கேள்வி கேட்ட நாளை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பல்லைக் கடிக்கவும் தோன்றுகிறது. ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்று தாளின் தலைப்பிலேயே அச்சடித்திருந்தது. ஆனால் எங்கள் ஊரில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவனோடு பேசினால், ஒன்று வீட்டில் சாவு, அல்லது வேலை போயிற்று, அல்லது உளவுப் போலீஸ். சாத்திய அறைக்குள் போக ஒருவனும் தயாராக இல்லை. எல்லோருமே டீக்கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். இம்பாபிக்கும் கறுப்பு டீயை நீட்டி நடுவில் உட்கார வைத்தார்கள். டாக்டர் வாசலில் நின்று பார்த்தார், தடுக்கவில்லை. நான் ஊசியும் குப்பிகளுமாக ஓரத்தில் இருந்தேன். என்னைப் பெண்பிள்ளை என்று நினைப்பதை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

“கேள்வி ஒன்பது. தலைவலி உண்டா?” என்று வாசித்தான் இம்பாபி.

“உண்டு. பொண்டாட்டி வாயத் தொறந்தா,” என்றார் உஸ்தா தியாப். யார்டில் மூத்த மேஸ்திரி அவர். பேச்சிலும் அவர்தான் மூத்தவர்.

பதினேழு வந்தது. இம்பாபி தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் வேகமாக வாசித்தான். “மண உறவில் முன்பிருந்த திறன் குறைந்துள்ளதா? ஆம், இல்லை, சொல்ல விருப்பமில்லை.”

கொட்டகையில் எல்லோரும் தியாப்பைப் பார்த்தார்கள்.

“தம்பி, உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?” என்று கேட்டார் தியாப்.

“இன்னும் இல்ல உஸ்தா.”

“அப்ப போகாத ஊருக்கு எதுக்குப்பா வழி கேக்கற?” எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார். “எழுதிக்க. தியாப், வயசு அம்பத்து மூணு. ஒம்பது புள்ளைங்க, பத்தாவது வழியில வருது. கரண்ட்டு என்னை ஒண்ணும் பண்ணல. நான் கரண்ட்டை எதுவும் பண்ணிடாம பாத்துக்கங்க.”

அடுத்தவன் ஹம்தூன், சின்ன வயசு. மெல்ல, “எனக்கு அந்த மூணாவதைப் போட்டுக்கங்க,” என்றான்.

“மூணாவதா?” என்றார் தியாப். “டேய், அது முதலாவதுதான்டா. முக்காடு போட்டிருக்கு, அவ்வளவுதான்.”

ஹம்தூன் காதுவரை சிவந்து, “இல்லைன்னே போடுங்க,” என்றான். அதற்குப் பிறகு மூன்றாவதைத் தொட யாருக்குத் துணிச்சல் வரும்? இல்லை, இல்லை, இல்லை என்று டீக்கோப்பை சுற்றுகிற மாதிரி சுற்றி வந்தது. ரஷ்வான் பதினான்காவது ஆள்.

“இல்லை,” என்றான்.

“கொஞ்சம் சத்தமா அண்ணே. எழுதணும்ல?”

“இல்லைன்னேன்ல?”

சொல்லிவிட்டு ஒரு தரம் என்னைப் பார்த்தான். நான் குப்பிகளைப் பார்த்தேன்.

மறுநாள் வஹீபாவின் வீட்டு மாடிக்குப் போனேன். ரொட்டி மாவை வட்டமாகத் தட்டி மண் தட்டுகளில் வெயிலுக்கு வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் விளிம்பையும் முள்ளால் கீறிக்கொண்டே, “என்ன சொன்னாரு?” என்றாள்.

“இல்லைன்னாரு.”

“மத்தவங்க?”

“எல்லாரும் இல்லைன்னுதான்.”

“அப்ப இருபத்திரண்டு ஆம்பளையும் சிங்கம்.” அடுத்த வட்டைக் கீறினாள். “ஹம்தூன் பொண்டாட்டி போன வாரம் தண்ணிக் குழாய்கிட்ட நின்னு அழுதது எதுக்காம்? அதையும் எழுதிருக்காங்களா?”

“எழுத மாட்டாங்க, வஹீபா.”

“பொய்யச் சொல்றதுக்கு அத்தனை பேரு வட்டம் கட்டி உக்காந்தாங்க. அதைக் கேட்டு எழுத ஒருத்தன் ரயிலேறி வந்தான். டீ வேற.” முள்ளைக் கீழே போட்டாள். “நான் போய் அந்த டாக்டர்கிட்ட சொல்றேன். நீங்க கூட வருவீங்களா, மாட்டீங்களா?”

போனேன். போகலாம் என்று அவசரப்பட்டதும் நான்தான். டாக்டர் விருந்தினர் விடுதித் தாழ்வாரத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி போட்டார், எங்கள் இருவருக்கும் பாதி பாதி பழம் கொடுத்தார். வஹீபா பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, ஆனால் ஒரு சொல் விடாமல் சொன்னாள். எங்கள் பெண்கள் தாயிடம்கூடச் சொல்லாததை அவள் ஒரு அந்நிய ஆளிடம் சொன்னாள்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். “நீங்க சொல்றதை நான் நம்பறேம்மா,” என்றார். “ஆனா ஆராய்ச்சிக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. ஆளைக் கேட்டு எழுதற தாள் இது. ஆளோட வீட்டைக் கேட்டு எழுத இதுல இடம் இல்ல.”

“வீட்டுல கேக்க வேண்டியதை டீக்கொட்டகையில கேட்டா வீட்டுப் பதிலா வரும்?” என்றாள் வஹீபா.

“அதுவும் இல்லாம, காரணம் கரண்ட்டா, வேலைக் களைப்பா, மனக்கவலையான்னு ஒரு ஆளை வச்சு முடிவு பண்ண முடியாது.”

“ஒரு ஆள் இல்ல டாக்டர்,” என்றேன் நான். “மத்த வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டுக் கேளுங்க. நான் கேட்டுத் தர்றேன்.”

“நர்ஸம்மா, நீங்க கேட்டா அது வம்பு. நாங்க கேட்டாதான் தகவல்.” சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். “சரி. ரஷ்வானை மட்டும் தனியாக் கூப்பிட்டு இன்னொரு தடவை கேக்கறேன். கதவைச் சாத்திட்டு. அப்ப உண்மை வரும்.”

எங்களுக்குச் சந்தோஷம். வரும் வழியில் அந்த ஆரஞ்சைச் சாப்பிட்டோம். எத்தனை வருஷமாக நான் அந்த ஊரில் இருக்கிறேன். சாத்திய கதவு என்ன செய்யும் என்று டாக்டருக்குத் தெரியாது, சரி. எனக்கு எங்கே போயிற்று புத்தி?

மறுநாள் காலையில் ஒலிபெருக்கியில் ரஷ்வானின் பெயரைக் கூப்பிட்டார்கள். பீங்கான் வரிசையிலிருந்து இறங்கி, பசைக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நடந்து போனான். டாக்டர் கதவைச் சாத்தினார். யார்டில் துடைப்பு நின்றது; எல்லாத் தலையும் அந்தக் கதவின் பக்கம். மூன்று நிமிஷத்தில் வெளியே வந்தான். உள்ளே என்ன சொன்னான் என்று டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார்: “அதே இல்லைதான், நர்ஸம்மா. முன்னைவிட உறுதியாச் சொன்னார்.”

டீக்கொட்டகையில் தியாப் காத்திருந்தார். “என்ன மாப்ளே, உன்னை மட்டும் தனியாக் கூப்பிட்டு மருந்து குடுத்தாராமே. நல்லா வேலை செஞ்சா எங்களுக்கும் ஒரு பாட்டில் சொல்லி வையி.”

சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தச் சிரிப்பு வீடு வீடாகப் போய்விட்டது. அந்த வியாழக்கிழமையே ரஷ்வான் படகேறி அக்கரைக்குப் போய், மாமன் வீட்டில் பெண் கேட்டு, ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்துவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் வஹீபாவின் குழந்தை கண்ணுக்குச் சொட்டு மருந்து விடப் போயிருந்தேன். ரஷ்வான் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். வெண்டைக்காய்க் கூட்டு ஆறிப் போயிருந்தது. ரொட்டியைத் தொடவே இல்லை.

“என் பேரை டாக்டர் காதுல போட்டது யாரு?” என்றான்.

“நான்தான்,” என்றாள் வஹீபா.

அடிப்பான் என்று நினைத்து எழுந்தேன். அவன் அடிக்கவில்லை. “அப்ப இந்தக் கல்யாணத்தை நீதான் பண்ணி வைக்கற,” என்றான்.

“அவரு உங்களைக் காப்பாத்தத்தான் கேட்டாரு. நீங்க ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லிருந்தா.”

“சொல்லிருந்தா? யார்டை விட்டு எடுத்து வாசல் காவலுக்குப் போடுவானுங்க. போறவன் வர்றவனெல்லாம் ஏன் இவன் இங்க உக்காந்திருக்கான்னு கேப்பான். தியாப் பதில் சொல்லுவாரு.” இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். “கண்ண மூடுனா அந்த இரைச்சல் தலைக்குள்ள ஓடுது. கைய நீட்டுனா நடுங்குது. இதை எவன்கிட்ட போய்ச் சொல்ல? கட்டிட்டா அவனுங்க வாய மூடிருவானுங்க.”

“அவனுங்க மூடுவாங்க. வர்றவ வாயை யாரு மூடுவா?”

ரஷ்வான் எழுந்து போய்விட்டான். அவனைப் பார்த்து எனக்குப் பாவமாகவும் இருந்தது, அந்தக் கூட்டுச் சட்டியைத் தூக்கி அவன் தலையில் கவிழ்க்க வேண்டும் போலவும் இருந்தது.

கல்யாணம் எங்கள் கிறிஸ்தவர்களின் பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் நடந்தது. அதற்கான ரொட்டியையும் வஹீபாவே சுட்டாள். ஊர் பார்க்க வேண்டும் என்று வீம்புக்குச் சுட்டாள். பெண்ணின் பெயர் தஹிய்யா. மருதாணிக் கையை மடியில் வைத்துக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் சிரித்தாள். நான் அவள் நெற்றியில் முத்தமிட்டு, “மகராசியா இரு மகளே,” என்று வாழ்த்தினேன். யார்டு ஆட்கள் துப்பாக்கியால் வானத்தைச் சுட்டார்கள். தியாப் கம்பைச் சுழற்றி ஆடினார். வஹீபா தன் பாயையும் பெட்டியையும் மகளையும் மேல் அறைக்குக் கொண்டு போனாள்.

அதன் பிறகு மூன்று மாதம். கம்ஸீன் காற்று அடிக்க ஆரம்பித்து, மருந்தகத்து ஜன்னல்களுக்கு ஈரத்துணி கட்டியும் மணல் பல்லில் கடிபட்டது. அப்படியொரு நாள் காலையில் வஹீபாவும் தஹிய்யாவும் சேர்ந்து வந்தார்கள். தஹிய்யாவின் வாய் கறுப்புத் துணியால் மூடியிருந்தது. கல்யாணத்தில் பார்த்ததில் பாதியாகியிருந்தாள்.

“மாமி அனுப்பியிருக்காங்க,” என்றாள் வஹீபா. “மூணு மாசமாச்சு, இவளுக்கும் ஒண்ணும் தங்கலையாம். கர்ப்பப்பைக்கு மருந்து வாங்கிட்டு வரணுமாம். துணைக்கு நான்.” என்னைப் பார்த்துக் கசப்பாகச் சிரித்தாள். “இப்ப இவளும் மலடி, ஹகீமா. எனக்குக் கூட்டு கெடைச்சிருச்சு.”

“என்னம்மா, அவரு எப்படி?” என்று தஹிய்யாவிடம் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள்.

“சொல்ல மாட்டா. கேக்காதீங்க,” என்றாள் வஹீபா. “நான் ஆரம்பத்துல யார்கிட்ட சொன்னேன்?”

அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டர் ஷுக்ரி உள்ளே வந்தார். இரண்டாவது தடவை ரத்தம் எடுக்க முந்தின நாளே வந்திருந்தார். மூக்கில் கைக்குட்டை, கையில் அச்சான அறிக்கை. துணி போர்த்திய இரண்டு பெண்களை அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

“நர்ஸம்மா, உங்களுக்கு ஒரு பிரதி,” என்று மேசையில் வைத்தார். “குழுவுல ரொம்பப் பாராட்டுனாங்க. பதினேழாவது கேள்விக்குத்தான் ஒருத்தர் சந்தேகம் கிளப்புனார், தொழிலாளிங்க வெக்கப்பட்டு மறைச்சிருப்பாங்கன்னு. நல்லவேளை, தலைமைப் பொறியாளர் எழுதி அனுப்புன ஆதாரம் நம்ம கையில இருந்துச்சு.”

“என்ன ஆதாரம்?”

பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். நான் சத்தமாகவே வாசித்தேன். “இருபத்திரண்டு பேரிலும் குறைபாடு காணப்படவில்லை. ஐயத்துக்குரியவராகக் கருதப்பட்டு மறுமுறை தனியே விசாரிக்கப்பட்ட ஒரு தொழிலாளி, அடுத்த மாதமே இரண்டாம் திருமணம் செய்துகொண்டுள்ளார் என்பது குறிப்பிடத்தக்கது.”

மின்புலம்தான் ரஷ்வானை அப்படி ஆக்கியதா, வேறு எதுவுமா, எனக்கு இன்றுவரை தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே இவர்கள் வந்தார்கள். வந்து, கதவைச் சாத்தி, ஒருவனைக் கல்யாணத்துக்குத் துரத்திவிட்டு, அந்தக் கல்யாணத்தையே ஆதாரம் என்று எழுதியிருக்கிறார்கள்.

“அப்ப நிமிஷக் கணக்கு?” என்றேன்.

“தேவையில்லைன்னு முடிவாயிருச்சு. முதல் தேதியிலிருந்து எட்டு மணி நேரமும் யார்டுலதான்.”

“டாக்டர்,” என்றாள் வஹீபா. முக்காட்டை விலக்கினாள். “உங்ககிட்ட ஆரஞ்சு வாங்கிட்டுப் போனவ நான். அந்த முதல் பொண்டாட்டி. இவதான் உங்க ஆதாரம். இவளுக்கு மலட்டுத்தனத்துக்கு மருந்து வாங்க வந்திருக்கோம்.”

டாக்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “அம்மா, இதுல நான் என்ன தப்புப் பண்ணினேன்? ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் அவர்தானே இல்லைன்னார்.”

“மூணாவதா நான் ஒருத்தி ஆமான்னேனே. நம்பறேன்னு சொன்னீங்களே.” வஹீபா அறிக்கையை அவர் பக்கம் தள்ளினாள். “நம்பிட்டு எப்படி எழுதுனீங்க?”

“நான் நம்பறதை எழுத முடியாதும்மா.”

“பொய்னு தெரிஞ்சதை மட்டும் எழுதலாம்.”

“வெக்கமா இல்ல உங்களுக்கு?” என்று நானும் சேர்ந்துகொண்டேன். இத்தனை மாதம் அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது. படித்தவர் பேச்சா இது, இந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், உங்கள் மகளாக இருந்தால் இப்படி எழுதுவீர்களா என்று என்னென்னவோ கத்தினேன். டாக்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் குனியக் குனிய எனக்குத் தெம்பு கூடியது.

தஹிய்யா அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது வாயை மூடிய துணியைக் கீழே இழுத்தாள். டாக்டரைப் பார்க்கவில்லை. வஹீபாவைத்தான் பார்த்தாள்.

“நீ இவர்கிட்ட எப்பச் சொன்ன, அக்கா?”

“கரும்பு வெட்டு நடந்தப்ப.”

“என் கல்யாணத்துக்கு முன்னாடி.”

வஹீபா முக்காட்டை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“நீங்களும் கூட இருந்தீங்களா, ஹகீமா?”

“இருந்தேன் மகளே.”

“அப்ப மூணு பேருக்கும் தெரியும்.” அவள் குரலை உயர்த்தவே இல்லை. “டாக்டரை ஏன் திட்றீங்க? அவரு என்னைப் பாத்ததுகூட இல்ல. நீ எனக்காக ரொட்டி சுட்ட. நீங்க வந்து நெத்தியில முத்தம் குடுத்தீங்க. எங்க வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தானே? படகுல அஞ்சு நிமிஷம்.”

வஹீபா அவள் கையைப் பிடிக்கப் போனாள். தஹிய்யா கையை விலக்கிக்கொண்டாள்.

“எனக்குப் பத்தொன்பது வயசுக்கா,” என்றாள்.

துணியை மறுபடி வாய்க்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, கதவைத் திறந்து அந்த மணல் காற்றில் தனியாக நடந்து போனாள். நாங்கள் மூன்று பேரும் இருந்த இடத்திலேயே இருந்தோம். கதவைச் சாத்த வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.